நெருக்குண்ட ஹைட்ரஜன்

தனிமங்களைக் குணப் பொருத்தம் நோக்கி நிரல்படுத்திய அட்டவணையில் முதற்கட்டத்தில் வீற்றிருக்கும் ஹைட்ரஜனுக்கு நேர்கீழே, லிதியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம் என்று ஒரே குலத்தில் பிறந்த உலோகங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் அணுக்களில் மிக வெளியே சுற்றும் எலெக்ட்ரான் ஒன்றே ஒன்றுதான். ஹைட்ரஜனுக்கோ இருப்பதே ஒரே ஒரு எலெக்ட்ரான். இந்தக் குடும்ப ஒற்றுமையையும், அமிலங்களிலிருந்து உலோகங்கள் ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அதன் ஸ்தானத்தில் தாம் அமர்ந்துகொள்ளும் இயல்பையும் கண்ட சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய ரசாயன அறிஞர்களிற் பலர், இந்த வாயு உண்மையில் ஓர் உலோகத்தின் ஆவியே என்றும், போதிய அளவு குளிர்வித்து உறையச் செய்தால் அது வெள்ளியைப்போல் பளபளக்கும் என்றும் நம்பியிருந்தனர். 1878-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து ரவூல் பிக்தே என்பவர், தாம் ஹைட்ரஜனைத் திரவமாக்கிவிட்டதாகவும், அது எஃகின் நீலநிறத்தோடு பீறிட்டுத் தரையில் விழுந்தபோது உலோகத் துகள்கள் சிதறினாற்போல் ஓசை எழுந்ததாகவும் உலகுக்கு அறிவித்தார். அவருடைய கருவி எட்டிய குளிர்ச்சி அதற்குப் போதவே போதாது என்பது பின்னரே தெளிவாயிற்று. நம்பிக்கை பலமாக இருந்தால் செவியும் அதற்குச் சாட்சி சொல்லிவிடும் போலும்!

இந்த நம்பிக்கையைக் கலைத்தவர் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பணியாற்றிய ஜேம்ஸ் டியூவர். நம் வீடுகளில் காப்பியைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் தெர்மாஸ் குடுவையின் மூல வடிவம் அவர் சிருஷ்டித்ததே; கடுங்குளிர்த் திரவங்களைக் காப்பதற்காகத்தான் அதை அவர் அமைத்தார். 1898-இல் அவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். மறு ஆண்டில் அதை உறையவும் வைத்தார். சுழியத்துக்குக் கீழே 259 டிகிரி சென்டிகிரேட் குளிரில் அவருடைய குடுவையில் உருவானது உலோகமன்று; நுரை படிந்த, நிறமற்ற, கண்ணாடி போன்ற ஒரு பனிக்கட்டி. அதன் அடர்த்தி, நீரின் அடர்த்தியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மின்சாரம் அதனூடே செல்லாது. ஒளி தடையின்றிச் செல்லும். உலோகத்துக்கு நேர்மாறான பதார்த்தம் எதுவென்று கேட்டால், இதையே காட்டிவிடலாம்.

இதற்குக் காரணம், ஹைட்ரஜன் அணுக்கள் தனித்திராமல் இரண்டிரண்டாகக் கைகோத்து மூலக்கூறுகளாகிவிடுவதுதான். இரண்டு புரோட்டான்களுக்கு இடையே இரண்டு எலெக்ட்ரான்களும் அடைபட்டு, பிணைப்பு பரிபூரணமாகிவிட, அந்த ஜோடிக்கு அயலாரிடம் பெற வேண்டியது ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை. இத்தகைய திடப்பொருளில் ஓர் எலெக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து பெயர்த்துச் சுதந்திரமாக உலவும் மேல்நிலைக்கு உயர்த்த, கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் சக்தியைப்போல் பலமடங்கு சக்தி தேவைப்படுகிறது. கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியே நம் கதையின் அச்சாணி. இடைவெளி அகன்றிருக்கும் வரையில் புலனொளி எந்த எலெக்ட்ரானையும் அசைக்க மாட்டாமல் ஊடுருவிப் போய்விடுவதால், பொருள் தெளிவாயிருக்கும். இடைவெளி சுருங்கச் சுருங்க, முதலில் நீலமும் ஊதாவும் உறிஞ்சப்பட்டுப் பொருள் மஞ்சளும் சிவப்புமாகத் தோன்றும். மேலும் சுருங்கினால் சிவப்பும் விழுங்கப்பட்டுக் கருமையாகும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் உறிஞ்சப்பட்டு, இறுதியில் இடைவெளி அறவே மூடிக்கொள்ளும்போது, எலெக்ட்ரான்கள் தளையறுந்து உலவ, பொருள் உலோகமாகும்.

குளிரால் ஆகாதது அழுத்தத்தால் ஆகலாம் என்ற எண்ணம் 1935-ஆம் ஆண்டில் ஒரு கணிதமாக உருப்பெற்றது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் குடியேறியிருந்த யூஜீன் விக்னரும், ஹில்லார்ட் ஹண்டிங்டனும் எழுதிய கட்டுரை அது. மூலக்கூறுகள் என்பனவே இல்லாமல், ஹைட்ரஜன் அணுக்கள் சோடியத்தின் அணுக்களைப்போல் ஒழுங்கான அணிவகுப்பில் நின்றால் அந்தத் திடப்பொருளின் சக்தி எவ்வளவாக இருக்கும் என்று கணித்து, கடல்மட்டத்தில் காற்று நம்மீது செலுத்தும் அழுத்தத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு அழுத்தினால் இம்மாற்றம் நிகழலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். (இனி இக்கட்டுரையில் வரும் லட்சங்கள் யாவும் இந்தக் காற்றழுத்தத்தின் மடங்குகளே என்று வாசகர்கள் கொள்க.) மிக ஆழமான கடற்பள்ளமாகிய மரியானாவின் அடியில் நிலவும் அழுத்தம் ஆயிரத்து நூறு மடங்குக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டரை லட்சம் என்பது அன்றைய பரிசோதகர்களுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்று விளங்கும். ஹார்வர்டில் பெர்ஸி பிரிட்ஜ்மன் என்ற மகா நிபுணர் உருக்கையும் டங்ஸ்டன் கார்பைடையும் கொண்டு அழுத்தக் கருவிகளை அமைத்து, அத்துறைக்கே அடிகோலியதற்காக 1946-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் அந்தக் கருவிகளில் ஒரு குறை இருந்தது: பொருளை எவ்வளவு நெருக்கினாலும், நெருக்குண்ட பொருளைக் கண்ணால் காண வழியில்லை.

அவ்வழியைத் திறந்தது வைரம். வாஷிங்டனில் இருந்த அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய அளவை நிலையத்தில் வான் வால்கன்பர்க், வெயர் முதலிய நால்வர் 1958-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு சிறு கருவியைச் செய்தார்கள். கள்ளக்கடத்தலில் பிடிபட்டு அரசாங்கத்தின் வசம் வந்திருந்த வைரங்களே அவர்களுக்கு மூலதனம். ஆராய்ச்சியில் நொறுங்கிப்போனாலும் எவரும் வருந்த மாட்டார்கள் அல்லவா! பட்டை தீட்டிய இரண்டு வைரங்களைக் கூர்முனைக்குக் கூர்முனை எதிராக வைத்து, முனைகளை மட்டும் தட்டையாகச் சீவி, நடுவே மெல்லிய உலோகத் தகட்டில் ஒரு நுண்துளையிட்டு, அத்துளைக்குள் பரிசோதிக்க வேண்டிய பொருளை அடைத்து, இருபுறமும் திருகாணியால் இறுக்குவதே அதன் தத்துவம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வரும் ஈவு; ஆகவே பரப்பைக் குறைத்துவிட்டால், கைத்திருகாணி தரும் சாமானிய விசையே லட்சக்கணக்கான மடங்கு அழுத்தமாகப் பெருகும். ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு இன்று பயன்படும் வைர முனைகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு அருகில் வந்து நிற்கிறது. அதனுள் அகப்படும் ஹைட்ரஜன், தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு சிறிய ஒரு துளி. கடினத்தால் வைரம் நசுக்குகிறது. தெளிவால் அதே வைரம் ஜன்னலாகவும் இருக்கிறது.

அந்த ஜன்னல் வழியே ஆராய்ச்சியாளர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு முறையைக்கொண்டே கேட்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, ஒரு மூலக்கூறு எந்த வேகத்தில் அதிர்கிறது என்பதை, அதன்மேல் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்திலிருந்தே சொல்லிவிடும். சாதாரண நிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறின் இரு புரோட்டான்களும் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் வினாடிக்குச் சுமார் 125 லட்சம் கோடி முறை அதிர்கின்றன. அழுத்தம் ஏற ஏற இந்த அதிர்வு முதலில் விரைவடைகிறது. நெருக்கினால் எந்தப் பிணைப்பும் விறைப்பது இயல்பே. ஆனால் மூன்று லட்சத்தைத் தாண்டியதும் போக்கு தலைகீழாகி, அதிர்வு தளரத் தொடங்குகிறது. அணு தன் துணையோடு கொண்டிருந்த பிணைப்பின் பலத்தில் ஒரு பகுதி அக்கம்பக்கத்து மூலக்கூறுகளிடம் கசிகிறது என்பதே இதன் பொருள். ஜோடிகளின் தனிமை வாழ்வு குலையத் தொடங்கிவிட்டதற்கு இதுவே முதல் அறிகுறி.

வெப்பத்தைக் குறைக்காமலே, அறையின் சாதாரண உஷ்ணநிலையில், சுமார் 54,000 மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜன் உறைந்து படிகமாகிவிடுகிறது. வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தின் பூபௌதிக ஆய்வுக்கூடத்தில் ஹோ குவாங் மாவ், பீட்டர் பெல் ஆகிய இருவரும் 1979-இல் இவ்வாறு உறைந்த ஹைட்ரஜனைக் கண்ணால் கண்டு வர்ணித்தார்கள். இதற்கு முதல் ஸ்திதி என்று பெயர். இதில் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் தத்தம் இடத்தில் நின்றாலும், ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். படிகம் என்றாலே எல்லாம் அசையாமல் நிற்பது என்ற நம் எண்ணத்துக்கு இது முரண். எத்தனை குளிர்வித்தாலும் இந்தச் சலனம் அடியோடு நிற்பதில்லை. லகுவான துகள் எதையும் ஓரிடத்தில் முற்றிலும் அடக்கி நிறுத்த இயற்கை சம்மதிப்பதில்லை என்பது குவாண்டம் பௌதிகத்தின் அடிப்படை நியதி. தனிமங்களுள் ஹைட்ரஜனைவிட லகுவானது வேறு இல்லை.

இந்த நியதிக்குக் கண்கூடான ஒரு பிரமாணம் உண்டு. சுமார் 11 லட்சம் மடங்கு அழுத்தத்தில், கடுங்குளிரில், மூலக்கூறுகளின் சுழற்சி அடங்கி அவை குறிப்பிட்ட திசைகளை நோக்கி நிற்கின்றன. இது இரண்டாம் ஸ்திதி. ஆனால் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அதே ரசாயன குணமும் இருமடங்கு நிறையும் கொண்ட டியூட்டீரியத்தை எடுத்துக்கொண்டாலோ, அது மூன்று லட்சத்துக்கும் குறைவான அழுத்தத்திலேயே அடங்கிவிடுகிறது. இரண்டிலும் மின்விசைகள் ஒன்றே. வித்தியாசம் நிறையில் மட்டுந்தான். நிறையை இரட்டித்த மாத்திரத்தில் தேவையான அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதிலிருந்து, இந்தப் பதார்த்தத்தில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களைப்போலவே அலையியல்போடு பரவி நின்று விளையாடுகின்றன என்பது புலனாகிறது. பெரும்பாலான திடப்பொருள்களுக்குப் பொருந்தும் கணித முறைகள் ஹைட்ரஜனிடம் தடுமாறுவதற்கு மூலகாரணம் இதுவே. பிரபஞ்சத்தின் மிக எளிய அணு, திடப்பொருளாகும்போது மிகக் கடினமான கணக்காகிவிடுகிறது.

1988-இல் கார்னகி ஆய்வுக்கூடத்தின் ரஸ்ஸல் ஹெம்லியும் மாவும் 15 லட்சம் மடங்கு அழுத்தத்தில் மூன்றாம் ஸ்திதியைக் கண்டார்கள். அங்கே மூலக்கூறின் அதிர்வு வேகம் திடீரென்று ஒரு படி இறங்குகிறது; அதுவரை அகச்சிவப்புக் கதிரை அவ்வளவாகச் சட்டை செய்யாதிருந்த ஹைட்ரஜன் அதை வலுவாக உறிஞ்சுகிறது. பிறகு 2011, 2012 ஆண்டுகளில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்திலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் நடந்த பரிசோதனைகளில், அறை உஷ்ணநிலையிலேயே 22 லட்சத்துக்கு மேல் நான்காம் ஸ்திதி ஒன்று தோன்றிற்று. அதன் அமைப்பு விசித்திரமானது: ஓர் அடுக்கில் மூலக்கூறுகள் பழையபடி வலுவான ஜோடிகளாக இருக்க, அடுத்த அடுக்கில் பிணைப்புகள் தளர்ந்து, பென்சில் கரியின் ஏடுகளைப் போன்ற அறுகோண வலையாக அணுக்கள் விரிகின்றன என்றும், இவ்விரண்டு அடுக்குகளும் மாறிமாறி அமைந்துள்ளன என்றும் கொள்ளப்படுகிறது. இல்லறத்தாரும் துறவிகளும் ஒரே ஊரில் மாறிமாறித் தெருக்களில் குடியிருப்பதற்கு ஒப்பாகும் என்று யாரேனும் நகைச்சுவையாகச் சொன்னாலும் தவறில்லை.

‘கொள்ளப்படுகிறது’ என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. சாதாரணமாகப் படிகத்தின் அமைப்பை எக்ஸ் கதிர்களைக்கொண்டு நேரே அறியலாம். ஆனால் எக்ஸ் கதிர்களைச் சிதறச் செய்வது எலெக்ட்ரான்கள். ஹைட்ரஜனிடம் அணுவுக்கு ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு துளி தரும் மங்கலான குறியைச் சுற்றியுள்ள வைரமும் உலோகத் தகடும் தரும் பேரொளியினின்று பிரித்தெடுப்பது பகீரதப் பிரயத்தனம். மாவும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட பரிசோதனையில் இம்முறையால் சுமார் 25 லட்சம் வரை எட்டினார்கள். அதற்கு மேற்பட்ட அமைப்பெல்லாம் ஒளியின் சாட்சியத்தையும் கணிப்பொறியின் அனுமானத்தையும் இணைத்துப் பெறப்பட்டவையே.

இதற்கிடையே விக்னரும் ஹண்டிங்டனும் குறித்த இரண்டரை லட்சம் எப்போதோ கடந்துபோய்விட்டது, உலோகம் தோன்றவில்லை. அவர்களுடைய கணிதத்தின் அந்தராத்மா பழுதன்று. மூலக்கூறுகளாலான திடப்பொருள் நெருக்குதலுக்கு எவ்வளவு தூரம் இணங்கிக்கொடுக்கும் என்பதை அறிய அக்காலத்தில் சாதனம் இல்லை என்பதே குறை. ஹைட்ரஜன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதும் சுருங்கியது. சுருங்கியதோடு, ஸ்திதிக்கு ஸ்திதி மூலக்கூறுகள் திரும்பியும் சாய்ந்தும் அடுக்குகளாகப் பிரிந்தும் தம் சக்தியைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் உலோகமாவதை ஒத்திப்போட்டன. இலக்கு தள்ளித் தள்ளிப் போயிற்று.

உலோக ஹைட்ரஜனை இவ்வளவு பிடிவாதமாகத் தேடுவானேன் என்ற கேள்விக்கு 1968-ஆம் ஆண்டு ஒரு விடை கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் நீல் ஆஷ்கிராப்ட், அத்தகைய உலோகம் மின்சாரத்தைத் தடையே இன்றிச் செலுத்தும் மீகடத்தியாக, அதுவும் அந்நாளில் அறியப்பட்ட மற்ற மீகடத்திகளைவிட வெகு உயர்ந்த உஷ்ணநிலையில் இருக்கக்கூடும் என்று காட்டினார். அணு எவ்வளவு லகுவோ அவ்வளவு விரைவாகப் படிகம் அதிரும். அந்த அதிர்வே எலெக்ட்ரான்களை ஜோடி சேர்க்கும் தூதுவன். சோவியத் விஞ்ஞானிகள் சிலர் மேலும் ஒரு படி போய், ஒருமுறை உலோகமாகிவிட்ட ஹைட்ரஜன், வைரம் கரியாக மாறாமல் நிலைத்திருப்பதுபோல், அழுத்தத்தை நீக்கிய பிறகும் உலோகமாகவே நிலைக்கலாம் என்று கணித்தார்கள். அது மெய்யானால் ராக்கெட்டுகளுக்கு இணையற்ற எரிபொருள் கிடைத்துவிட்டதாகச் சிலர் குதூகலிக்கிறார்கள். தனித்த ஹைட்ரஜன் அணுக்கள் மீண்டும் ஜோடி சேரும்போது வெளிப்படும் சக்தி, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து எரிவதில், எடைக்கு எடை, கிடைப்பதைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு என்பது உண்மையே. ஆனால் வைர முனையில் கண்ணுக்குத் தெரியாத துளியாக இருப்பதை டன் கணக்கில் கற்பனை செய்து விற்பனை பேசுவது எனக்கு உவப்பானதன்று.

ஆஷ்கிராப்டின் கருத்து வேறொரு வழியில் பலித்தது. ஹைட்ரஜனைத் தனியே நெருக்குவதற்குப் பதிலாக, வேறொரு தனிமத்தோடு சேர்த்தால் அந்தச் சேர்க்கையே ஒரு பங்கு நெருக்குதலைச் செய்துவிடும் என்று 2004-இல் அவரே கூறினார். மைன்ஸ் நகரத்து மிகைல் எரெமெத்ஸ் குழுவினர் 2015-இல் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருளைச் சுமார் 15 லட்சம் மடங்கு அழுத்தி, சுழியத்துக்குக் கீழே 70 டிகிரியிலேயே மீகடத்தியாக்கினார்கள். 2019-இல் லாந்தனம் ஹைட்ரைடில் அது சுழியத்துக்குக் கீழே 23 டிகிரி வரை உயர்ந்தது. ஆயினும் சுத்த ஹைட்ரஜன் கைக்கெட்டாமலே நின்றது.

இயற்கையோ இந்தக் காரியத்தை எப்போதோ முடித்துவிட்டது. பூமியைப்போல் 318 மடங்கு நிறையுள்ள வியாழ கிரகம் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனது. மேகங்களுக்குக் கீழே ஆழம் செல்லச் செல்ல அழுத்தம் லட்சங்களாகி, நடுவில் கோடிகளாகிறது. அங்கே உஷ்ணமும் ஆயிரக்கணக்கான டிகிரியாக இருப்பதால், உலோக ஹைட்ரஜன் திடமாக இராமல், பாதரசம்போல் ஓடும் மகா சமுத்திரமாக இருக்கிறது. பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கு பலமுள்ள காந்தத்தை அந்தச் சமுத்திரத்தின் சுழற்சியே பிறப்பிக்கிறது. கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 1996-இல் வெயர், மிட்சல், நெல்லிஸ் என்ற மூவர், ஒரு நீண்ட பீரங்கியிலிருந்து பாய்ந்த தகட்டால் திரவ ஹைட்ரஜனை மோதி, 14 லட்சம் மடங்கு அழுத்தமும் சுமார் 3,000 டிகிரி வெப்பமும் நொடியில் மிகச் சிறு பின்னமாகிய நேரம் ஏற்படச் செய்து, அது உலோகத்துக்கு உரிய அளவில் மின்சாரத்தைக் கடத்துவதை அளந்துவிட்டார்கள். அவ்வகையில் உலோக ஹைட்ரஜன் பூமியிலும் பிறந்தது என்று சொல்லலாம். ஆனால் அது கொதிக்கும் திரவம். தோன்றிய கணமே மறைவது. விக்னர் கண்ட கனவு குளிர்ந்த திடப்பொருள் அல்லவா?

திட உலோகத்தைக் கண்டுவிட்டோம் என்ற அறிவிப்புகள் வந்தன, போயின. 1989-இல் மாவும் ஹெம்லியும் 20 லட்சத்துக்கு மேல் அறிகுறிகள் தென்பட்டதாகக் கூறினார்கள், மற்றவர்கள் ஐயுற்றார்கள். 1998-இல் கார்னெலில் ஆர்தர் ரூஆப்பின் குழுவில் இருந்த சந்திரபாஸ் நாராயணா என்ற இந்திய விஞ்ஞானியும் சகாக்களும் சுமார் 34 லட்சம் வரை நெருக்கி, சோடிய குலத்து உலோகத்துக்கான தடயம் எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். 2002-இல் பாரிஸை அடுத்த பிரெஞ்சு அணுசக்தி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த போல் லுபேயர், பிளோரன் ஒசெல்லி முதலியோர் சுமார் 32 லட்சத்தில் ஹைட்ரஜன் கருப்பாவதைக் கண்டு, இடைவெளி சுருங்கும் வேகத்தைக் கணக்கிட்டு, உலோகம் 44 லட்சத்துக்கு அருகில்தான் பிறக்கும் என்று எழுதினார்கள். 2011-இல் எரெமெத்ஸும் டிராயனும் அறை உஷ்ணத்தில் உலோகம் கண்டதாகச் சொன்னது, பின்னர் நான்காம் ஸ்திதியாக முடிந்தது.

2017 ஜனவரியில் எழுந்த பரபரப்பு இவையனைத்தையும் விஞ்சியது. ஹார்வர்டின் ஐசக் சில்வேராவும், இலங்கையில் பிறந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்ற ரங்கா டயஸும், 49 லட்சம் மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜன் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியனுப்பியதாகவும், விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பியதாகவும், இதுவே விக்னர் சொன்ன உலோகம் என்றும் வெளியிட்டார்கள். ஆனால் பரிசோதனை நடந்தது ஒரே ஒரு மாதிரியின்மேல். வைரத்தில் ஹைட்ரஜன் புகுந்து அதை உடைக்காதபடி பூசியிருந்த அலுமினாப் படலமே பளபளத்திருக்கலாம் என்றும், அழுத்தத்தை அளந்த முறை போதாது என்றும், துறையின் மூத்தவர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். மறுமுறை அளந்து சந்தேகம் தீர்க்கலாம் என்றிருக்கையில், அடுத்த மாதமே ஒரு வைரம் உடைந்து மாதிரி காணாமற்போயிற்று. டயஸ் பின்னர் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது மீகடத்திகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை அவ்விதழ் 2022-இலும் 2023-இலும் திரும்பப் பெற்றது. ஹைட்ரஜன் கட்டுரை அவ்வரிசையில் சேர்ந்ததன்று; ஆயினும் அதை மற்றோர் ஆய்வுக்கூடம் மறுபடி செய்து உறுதிப்படுத்தியதாக இல்லை. பிரத்யட்சம் என்று ஒருவர் சொல்வது பிறருக்கும் பிரத்யட்சமானாலன்றி விஞ்ஞானத்தில் அது வெறும் வதந்திதான்.

என் மதிப்பில் இந்த வரலாற்றின் உண்மையான வீரர்கள், பாரிஸ் குழுவினர். 2002-இல் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கப் பதினெட்டு ஆண்டுகள் அவர்கள் உழைத்தார்கள். தட்டையான வைர முனை அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது என்று கண்டு, அயனிக் கற்றையால் முனையைச் சுற்றி வட்டமான பள்ளம் செதுக்கி, வளையம்போன்ற உருவம் கொடுத்தார்கள். சோலெய் என்னும் துகள்முடுக்கி நிலையத்திலிருந்து வரும் பிரகாசமான அகச்சிவப்புக் கதிரை ஹைட்ரஜனுள் செலுத்தி, இடைவெளி சுருங்குவதை அழுத்தம் ஏற ஏறப் படிப்படியாக அளந்தார்கள். 42 லட்சத்தை எட்டியபோது, சுழியத்துக்குக் கீழே 193 டிகிரி குளிரில், இடைவெளி திடீரென்று மூடிக்கொண்டு, அகச்சிவப்பு முழுவதும் தடைபட்டது. அழுத்தத்தைத் தளர்த்தியதும் பழைய நிலை மீண்டது. மீளக்கூடியதாக இருந்ததே இதன் சிறப்பு; வைரம் உடைந்தோ, வேதிமாற்றம் நிகழ்ந்தோ வந்த கருமையாயின் இப்படித் திரும்பியிராது. 2020-இல் இது வெளியாயிற்று.

முந்தைய ஆண்டில் எரெமெத்ஸ் குழுவினர் நுண்ணிய மின்கம்பிகளை வைரத்தின் முனையில் பதித்து நேரே மின்சாரத்தை அளந்து, சுமார் 36 லட்சத்திலிருந்தே ஹைட்ரஜன் அரைகுறையாக மின்சாரம் கடத்துவதாகக் கண்டிருந்தார்கள். 36, 42 என்ற இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் முரணில்லை. எலெக்ட்ரான் தன் இயக்கத்தின் திசையை மாற்றாமல் நேரே மேல்நிலைக்குத் தாவும் இடைவெளி ஒன்று. திசையையும் மாற்றிக்கொண்டு பக்கவாட்டில் தாவும் இடைவெளி மற்றொன்று. ஒளியால் எளிதில் செய்ய முடிவது முதலாவது தாவலைத்தான். பக்கவாட்டு இடைவெளி முன்னதாகவே மூடிச் சில எலெக்ட்ரான்களுக்கு வழிவிட்டிருக்க, நேரிடைவெளி பிற்பாடே மூடுகிறது. கம்பி முன்னதையும் ஒளி பின்னதையும் கண்டிருக்கின்றன என்று கொண்டால் இரண்டும் பொருந்தும்.

இத்தகைய அழுத்தங்களில் ஹைட்ரஜனின் கீழ்வீட்டு உறவினர்களான உலோகங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் வியப்பு மேலிடும். 2009-இல், சோடியத்தைச் சுமார் 20 லட்சம் மடங்கு நெருக்கியபோது அது பளபளப்பை இழந்து, கண்ணாடிபோல் தெளிந்து, மின்சாரத்தைக் கடத்தாத பொருளாகிவிட்டது. உள்ளடுக்கு எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ள, வெளியெலெக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் போய்ச் சிறைப்பட்டன. அழுத்தினால் எல்லாம் உலோகமாகும் என்று விதி எழுதியவர்கள் சோடியத்தை மறந்துவிட்டார்கள். ஹைட்ரஜனுக்கோ உள்ளடுக்கே கிடையாது. அந்த வகையில் அது தன் குலத்தாரிடமிருந்து பிரிந்தே நிற்கிறது.

42 லட்சத்தில் கண்டது உலோகமானாலும், அதில் அணுக்கள் இன்னும் ஜோடிகளாகவே இருக்கின்றன என்பதே பெரும்பாலோர் கருத்து. ஜோடி முற்றிலும் பிரிந்து, விக்னரின் உருவத்தில் தனியணுக்களாக நிற்கும் நிலை சுமார் 50 லட்சத்துக்கு அருகிலோ மேலோ இருக்கலாம் என்று இன்றைய கணிதம் சொல்கிறது. அந்நிலையில் புரோட்டான்களின் சலனம் மிகுந்து, எவ்வளவு குளிர்வித்தாலும் உறையாமல் திரவமாகவே நிலைக்கலாம் என்றும் சிலர் கருதுகிறார்கள். அங்கே மீகடத்தி உண்டா என்பதை அறிய, காந்தப்புலத்தை அது தன்னுள்ளிருந்து வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத துளியில் இதை அளக்கும் கருவி வேண்டும். அதற்கும் வைரமே உதவுகிறது: நகைக்கடைக்காரர் தோஷம் என்று தள்ளிவிடும் நைட்ரஜன் அணு, வைரப் படிகத்தில் ஓர் அணு விடுபட்ட குழியின் அருகே அமர்ந்திருக்குமானால், அது லேசர் ஒளியில் மினுங்கும் பிரகாசம் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கேற்ப மாறும். அழுத்தும் முனையிலேயே இத்தகைய தோஷங்களை வேண்டுமென்றே விதைத்து, ஹைட்ரைடுகளில் காந்தப்புலம் வெளியேறுவதை ஏற்கனவே அளந்துவிட்டார்கள். தனி ஹைட்ரஜனின் முறை இனிமேல்தான்.